மஞ்சள் தொப்பியில் ஒரு கண்ணி

"அவுத்துப் போடு," என்றார் என் மாமியார். "என் கண்ணு முன்னாடியே அவுத்துப் போடு."

அவர் கையில் இருந்தது ஒரு மஞ்சள் ஸ்வெட்டர். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்தால் அதற்குள் அடங்கிவிடும். பின்னி முடித்தாகிவிட்டது, பட்டன் வைப்பதுதான் பாக்கி. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுப் பீரோவில், என் பட்டுப்புடவைக்கு அடியில் அதை ஒளித்து வைத்திருந்தேன். என் பட்டுப்புடவையை இவர் எதற்காகத் தூக்கிப் பார்த்தார் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

ஸ்வெட்டர் என் ஓரகத்தியின் குழந்தைக்கு. குழந்தை இன்னும் வயிற்றில் இருந்தது. அதுதான் குற்றம். என் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் கலைந்துவிட்டது. இரண்டாவது தடவை, நாலு மாசம்கூட முழுசாக முடியாத நேரத்தில், ஆசையை அடக்க முடியாமல் ஒரு கவுன் வாங்கிவந்தாள். வாங்கிய வாரமே எல்லாம் முடிந்தது. கவுன் மட்டும் விழுப்புரத்து வீட்டில் பையோடு கிடந்தது. எங்கள் பக்கத்தில் பிறக்காத பிள்ளைக்குத் துணி எடுக்க மாட்டார்கள், தைக்க மாட்டார்கள். பிறந்தாலும் முதல் துணி துவைத்துத் துவைத்து நைந்துபோன பழைய வேட்டிதான். இது எல்லாமே எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டேன்.

போடச் சொன்னது அவள். ஆறாம் மாசத்தில் ஒரு நாள் விழுப்புரத்திலிருந்து போன் பண்ணினாள். புருஷன் காதில் விழக்கூடாதென்று குசுகுசுவென்று பேசினாள்.

"அக்கா, யார் யாருக்கோ போட்டுக் குடுக்கறீங்க. எனக்கு ஒண்ணு போடுங்களேன். மஞ்ச கலர்ல. யாருக்கும் தெரிய வேணாம்."

யார் யாருக்கோ என்று அவள் சொன்னது என் பிழைப்பை. பொம்மையார்பாளையத்தில் கடலோரமாக ஒரு சின்னக் கடை இருக்கிறது. கெஸ்ட் ஹவுஸில் வந்து தங்குகிறவர்கள் வாங்குவார்கள். அந்தக் கடைக்குக் குழந்தைத் தொப்பி, சாக்ஸ், ஸ்வெட்டர் பின்னிக் கொடுக்கிறேன். எனக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித்தரவில்லை. போனில் ஒரு ஹிந்திக்கார அம்மாவைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அந்த அம்மா சொன்னதில் 'சீதா', 'உல்டா' என்ற இரண்டு வார்த்தைகள்தான் எனக்குப் புரிந்தன. முன்பக்கமாகக் குச்சியை விட்டால் சீதா, பின்பக்கமாக இழுத்தால் உல்டா. அதற்கு மேல் ஹிந்தி எனக்குத் தேவைப்படவில்லை. நம் ஊர் வெயிலுக்குக் கம்பளி ஆகாது என்று பருத்தி நூலில்தான் போடுவேன்.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பின்னலில் ஒரு கண்ணி, ஒரே ஒரு நூல் வளையம், தப்பாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. இருபது வரிசைக்குக் கீழே இருந்தாலும் சரி, அவ்வளவையும் பிரித்துவிட்டு மறுபடி போடுவேன். "சரியான பேஜாரு புடிச்ச பொம்பள," என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோகிறவர். அதனால் சொல்லிவிட்டுத் தப்பித்துவிடுவார்.

மாமியார் அவிழ்க்கச் சொன்ன அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சொன்ன பிறகுதான் அவருக்கே ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமையில் எதையும் அவிழ்க்கக் கூடாதாம். "நாளைக்கிக் காலைல," என்று தீர்ப்பை ஒரு நாள் தள்ளிவைத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

சனிக்கிழமை காலை எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பின்னலை எந்தப் பக்கம் பிடித்து இழுத்தாலும் அவிழாது. கடைசியாக எங்கே முடிச்சுப் போட்டோமோ அங்கிருந்துதான் வரும். அந்த முனையைத் தேடி எடுத்து இழுத்தேன். கை போயிற்று, இன்னொரு கை போயிற்று, முதுகு வரிசை வரிசையாகக் கழன்று வந்தது. மூன்று வாரத்து வேலை முப்பது நிமிஷத்தில் காலி. நூல் சுருள் சுருளாக என் மடியில் விழுந்தது.

ஓரகத்தியும் அங்கேயேதான் இருந்தாள். வளைகாப்பு முடிந்து சில நாள் எங்களோடு இருந்துவிட்டுப் போக வந்திருந்தாள். சமையலறை வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. 'நான்தான் கேட்டேன் அத்தை' என்று மூன்றே வார்த்தை. அது வரும் வரும் என்று பார்த்தேன். வரவே இல்லை.

மாமியார் கோயிலுக்குக் கிளம்பிப் போனதும் பிடித்துக்கொண்டேன்.

"வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருந்த? நீ கேட்டுத்தான போட்டேன்?"

"பயமா இருந்திச்சிக்கா. அத்தை முகத்தைப் பாத்ததும் வாயே வரல."

அதோடு விட்டிருக்கலாம். போன வருஷம் ஒரு தடவை என்னிடம் குச்சியை வாங்கிப் பின்னிப் பார்த்தாள். எல்லாம் முடிச்சும் சிக்கும். அதையும் சேர்த்து இழுத்தேன்.

"உன் கைக்கு ஊசியும் வராது, வாய்க்கு உண்மையும் வராது."

அவள் உரித்த மல்லாட்டையை அப்படியே முறத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள். கை நிறைய வளையல். அவள் நடந்து போகிற சத்தம் அறைவரைக்கும் கேட்டது. மறுநாள் விழுப்புரத்துக்குக் கிளம்பும்போது என்னிடம் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. நானும் போகட்டும் என்று நின்றேன். அவிழ்த்த நூலை அலசிக் காயவைத்துப் பந்தாகச் சுற்றினேன். அதையும் மாமியார் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டார்.

அதிலிருந்து ஒன்பதாவது நாள், காலை எட்டு மணி இருக்கும். கொழுந்தன் போன்.

"அண்ணி, பொறந்துடுச்சி." சொல்லிவிட்டு அழுதார். "பொண்ணு. ரெண்டு மாசம் முன்னாடியே பொறந்துடுச்சி அண்ணி. ஆயிரத்து முந்நூறு கிராம்தான் இருக்குது. கண்ணாடிப் பெட்டில வெச்சிருக்காங்க."

முதலில் என் கண்ணுக்கு முன்னால் வந்தது குழந்தை இல்லை, அந்த மஞ்சள் ஸ்வெட்டர். பிறக்காத பிள்ளைக்குத் துணி போட்டவள் நான். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று வாய் கிழியப் பேசினவளும் நான். அந்த நிமிஷம் அந்த நம்பிக்கையில்லாமை எங்கே போய் ஒளிந்ததோ தெரியவில்லை.

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பெட்டியிலிருந்து எடுத்து அம்மா நெஞ்சோடு வைக்கும்போது தலை சூடு குறையாமல் இருக்கத் தொப்பி வேண்டும் என்று சிஸ்டர் சொன்னாராம். ஆஸ்பத்திரி வாசல் கடையில் வாங்கிய தொப்பி மூக்குவரைக்கும் இறங்குகிறதாம். "தலை சுத்தளவு இருபத்தொம்பது சென்டிமீட்டர்னு அளந்து சொன்னாங்க. உங்களால முடியுமா அண்ணி?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மாமியார் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு அந்த மஞ்சள் நூல் பந்தை எடுத்து என் கையில் திணித்தார்.

"பொறந்துடுச்சி இல்ல? இப்ப போடு. நிக்காத, ஜல்தி."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. இருபத்தொன்பது சென்டிமீட்டர் என்றால் ஒரு பெரிய மாதுளம்பழம். ஐம்பத்தாறு கண்ணி போட்டு ஆரம்பித்தேன். அவிழ்த்த நூல் அலசினாலும் பழைய சுருளை மறக்காது. குச்சியில் வந்து வளைந்து வளைந்து உட்கார்ந்தது. மயிலம் கூட்ரோடு தாண்டும்போது மாமியார் கோயில் மலைப்பக்கம் பார்த்துக் கும்பிட்டு ஏதோ வேண்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்த அம்மா என் மடியைப் பார்த்து, "யாருக்கும்மா இது, இத்துனூண்டு?" என்றார். என் ஓரகத்தி குழந்தைக்கு என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் 'ஓரகத்தி குழந்தை' என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்கிறேன் என்று உறைத்தது.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கண்ணிகளை எண்ணுவது என் வழக்கம். ஒன்று குறைந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் டிரைவர் போட்ட பிரேக்கில் ஒரு குச்சி உருவிக்கொண்டு வந்துவிட்டது. ஏழெட்டுக் கண்ணி குச்சியில்லாமல் அந்தரத்தில் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கோத்து எடுத்தேன். எண்ணத் தொடங்கும்போது போன் அடித்தது.

"அண்ணி, எங்க இருக்கீங்க? சிஸ்டர் ரெண்டு வாட்டி கேட்டுட்டாங்க. சீக்கிரம் வாங்க."

எண்ணவில்லை. அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன். அதன் பிறகு உச்சிக்கு வேண்டி வரிசைக்கு வரிசை கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். அதில் எது குறைத்தது, எது தவறியது என்று தெரியாது.

விழுப்புரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்து ஓரத்தை மூட்டினேன். கடைசி முடிச்சைப் போட்டு நூலை அறுத்தேன். சிஸ்டர் கதவைத் திறந்து கையை நீட்டினார். "துவைச்ச நூலா?" என்று கேட்டார். தலையாட்டினேன். வாங்கிக்கொண்டு திரும்பினார். உள்ளே இருந்த விளக்கு வெளிச்சத்தில் தொப்பி ஒரு நொடி தெரிந்தது. அதில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு ஓட்டை.

"சிஸ்டர்! சிஸ்டர், குடுங்க அதை, ரெண்டே நிமிஷம்!"

"பாப்பா சில்லுனு இருக்கு. உங்களுக்கு அழகா வேணுமா இப்ப?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

என் கையில் கொக்கி ஊசி இருந்தது. நழுவின கண்ணியைப் பிடிப்பதற்கென்றே வைத்திருக்கிற ஊசி. அவிழ்ந்த இடத்தில் கீழே நிற்கும் கண்ணியில் கொக்கியை விட்டு, படிப்படியாக மேலே இழுத்து வந்தால் தப்பு இருந்த இடமே தெரியாது. இரண்டு நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை.

அழகுக்காக நான் கேட்கவில்லை என்று அந்த சிஸ்டருக்கு எப்படிச் சொல்வேன்? நழுவின கண்ணி நழுவின இடத்தில் நிற்காது. துணி இழுபட இழுபட, அதற்குக் கீழே இருப்பது கழலும், அதற்கும் கீழே இருப்பது கழலும், கடைசி ஓரம்வரைக்கும் போகும். கம்பளியாவது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொஞ்ச நாள் நிற்கும். பருத்தி வழுக்கிக்கொண்டு ஓடும். அந்தக் குழந்தைக்கு விரல் தீக்குச்சி மாதிரி இருக்கும். பிரிந்த நூலில் அது போய் மாட்டினால்? தொப்பி இரண்டாகப் பிரிந்து, யாரும் பார்க்காமல், தலை சில்லிட்டுப் போனால்?

உள்ளே போக அம்மாவுக்கு மட்டும்தான் அனுமதி. நாங்கள் வெளியே தகரக் கொட்டகையில் காத்திருக்க வேண்டும். ராத்திரி கொழுந்தன் இருப்பார். காலையில் நானும் மாமியாரும் திண்டிவனத்திலிருந்து பூண்டுக் குழம்பும் சோறும் கேரியரில் எடுத்துக்கொண்டு வருவோம். ஓரகத்தி கதவுவரைக்கும் வந்து வாங்கிக்கொள்வாள். முகம் வீங்கி, நைட்டிமேல் ஒரு பழைய சிவப்புப் புடவையைச் சுற்றிக்கொண்டு வருவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

"தொப்பி?" என்று கேட்பேன்.

"இருக்குது," என்பாள்.

அவ்வளவுதான். ஓட்டையைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளைச் சொன்னேனே, வாயில் கொழுக்கட்டை என்று. இப்போது என் வாயில்.

ஐந்தாம் நாள் மஞ்சள் காமாலை என்று நீல விளக்கில் வைத்தார்கள். எடை ஆயிரத்து இருநூறுக்கு இறங்கியது. அன்றைக்குக் கொட்டகையில் மாமியார் திடீரென்று, "நான் ஒண்ணும் சொல்லலடி," என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பத்து வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் பத்து வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்து, அதே நூலில், அதே ஐம்பத்தாறு கண்ணியில் இன்னொரு தொப்பி போட்டேன். வேண்டுமென்றே அதே இடத்தில் ஒரு கண்ணியை நழுவவிட்டேன். உரித்த சின்னத் தேங்காய் ஒன்றை எடுத்து அதில் மாட்டினேன், கழற்றினேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாட்டிக் கழற்றுவார்கள்? நாலு தடவையில் ஓட்டை விரல் நீளமாயிற்று. ஆறாவது தடவையில் பிரிந்த கோடு கீழ் ஓரத்தையே தொட்டுவிட்டது. கையில் தேங்காயை வைத்துக்கொண்டு அழுதேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மாமியார் மறுபடி உள்ளே போய்விட்டார்.

பிறகு அந்தக் கண்ணியைக் கொக்கியால் ஏற்றிச் சரிபண்ணினேன். ஒரு குறை இல்லாத தொப்பி. மூன்று தடவை எண்ணினேன். வெந்நீரில் அலசி, காயவைத்து, மறுநாள் கேரியரின் மேலடுக்கில் சுத்தமான பையில் வைத்து, 'பழசை எடுத்துட்டு இதைப் போடு' என்று சீட்டு எழுதி அனுப்பினேன்.

சாயங்காலம் காலிக் கேரியர் திரும்பி வந்தது. மேலடுக்கைத் திறந்தேன். புதுத் தொப்பி அப்படியே இருந்தது. சீட்டும் இருந்தது. பதில் ஒரு வார்த்தை இல்லை.

சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். என் கையால் போட்டது இன்னொன்று அவள் பிள்ளைமேல் படக்கூடாது. முதல் தொப்பியை அவசரத்துக்கு வாங்கினார்கள். இனி வேண்டாம். நியாயம்தானே? அவள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் குற்றவாளி நான். அதற்கப்புறம் தொப்பியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டேன். கேரியரைக் கொடுப்பேன், வாங்குவேன், வருவேன். பொம்மையார்பாளையத்துக் கடையிலிருந்து போன் வந்தபோது, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். குச்சியைத் தொடவே பிடிக்கவில்லை.

எடை மெல்ல ஏறியது. ஆயிரத்து முந்நூறு. ஆயிரத்து நானூறு. ஒரு நாள் ஏறாமல் நின்றது. அன்றைக்கு மாமியார் சாப்பிடவில்லை. மறுநாள் ஏறியது. இருபத்தாறாம் நாள் கொழுந்தன் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிக்கினு போலாம்னு சொல்லிட்டாங்க அண்ணி," என்றார்.

ஆட்டோ பிடிக்கக் கொழுந்தன் ஓடினார், மாமியார் மூட்டைகளைக் காத்துக்கொண்டு வாசலில் நின்றார். கதவைத் திறந்துகொண்டு ஓரகத்தி வந்தாள். நெஞ்சோடு சேர்த்து, பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பொட்டலம். மேலே மஞ்சள் தொப்பி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குழந்தையின் முகத்தை நான் முதலில் பார்க்கவில்லை. ஓட்டையைத்தான் பார்த்தேன்.

ஓட்டை இருந்தது. ஆனால் ஓடவில்லை. விரல் நுழைகிற அளவில் அங்கேயே நின்றிருந்தது. அதன் கீழ் விளிம்பில் கண்ணியைச் சேர்த்துப் பிடித்து ஒரு சிவப்பு நூல் முடிச்சு. முடிச்சுமேல் முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு. பின்னல் தெரிந்த ஒருத்தியும் அப்படிக் கட்டமாட்டாள்.

"யார் கட்டினது இது?"

"நான்தாங்க்கா," என்றாள். "ரெண்டாம் நாளு பாத்தேன், கழண்டுக்கினே இருந்திச்சி. உள்ள ஊசி ஏது, ஒண்ணு ஏது? முந்தாணில ஒரு நூலை உருவி, வெந்நில நனைச்சி, நிக்கற வரைக்கும் கட்டினேன். தப்பாத்தான் கட்டியிருப்பேன்."

தப்புதான். ஆனால் இருபத்துநாலு நாள் நின்றிருக்கிறது. உன் கைக்கு ஊசி வராது என்று நான் சொன்னேன்.

"மன்னிச்சிடு," என்று சொல்ல வந்தேன். வந்தது வேறு. "குடு இப்படி. கொக்கி ஊசி கைலதான் இருக்குது. ரெண்டே நிமிஷம், சரிபண்ணிடறேன்."

அவள் சட்டென்று கையால் தொப்பியை மூடிக்கொண்டாள்.

"வேணாங்க்கா. அடைக்காதீங்க. அதான் புதுசையும் திருப்பி அனுப்பிட்டேன்."

"ஏன்?"

"பெட்டில கெடந்தப்போ சிஸ்டருங்க எல்லாம் மிஷினைப் பாத்தே சொல்லிடுவாங்க. எனக்கு அந்த மிஷின் புரியல. நெஞ்சுல வெச்சிக்கினு இருக்கறப்போ, இந்த ஓட்டைல சுண்டுவெரலை வெச்சா, உச்சிக்குழி துடிக்கறது தெரியும். தெனமும் அதைத்தான் பாத்துக்கினு இருந்தேன். அது துடிக்கற வரைக்கும் பயமில்லன்னு." அவள் வேட்டியை இழுத்துச் சுற்றினாள். "அத்தைகிட்டயும் சொல்லிட்டேங்க்கா. கேட்டது நான்தான்னு. உங்களைத் திட்டினப்ப சொல்லியிருக்கணும்."

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மாமியார் எங்களைப் பார்க்காத மாதிரி மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கை கழுவிட்டீங்களா?" என்று ஓரகத்தி கேட்டாள்.

குழாயடிக்கு ஓடிப்போய் முழங்கைவரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். அவள் என் சுண்டுவிரலைப் பிடித்து அந்த ஓட்டைக்குள் வைத்தாள்.

"அழுத்தாதீங்க."

அழுத்தவில்லை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெதுவெதுப்பு மட்டும் இருந்தது. பிறகு தெரிந்தது. விரல் நுனிக்கு அடியில், மெத்தென்ற அந்த இடம் ஏறி ஏறி இறங்கியது. பழக்கதோஷம், ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். அது என்னைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.